நிபந்தனையில்லாத அன்பு என்றால் முடிவில்லாமல் பொறுத்துப் போவதா?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். குடும்பம் கூடும் இடமெல்லாம் உங்கள் அண்ணி உங்களைக் குத்திப் பேசுகிறார். உங்கள் வேலை, பிள்ளை வளர்ப்பு, உடை என்று எதையும் விட்டுவைப்பதில்லை. நீங்கள் ஜெபித்துப் பார்த்தீர்கள், பொறுத்துப் பார்த்தீர்கள், அவர் பிறந்தநாளுக்குப் பரிசும் வாங்கிக் கொடுத்தீர்கள். ஒன்றும் மாறவில்லை. இப்போது அவர் குரல் கேட்டாலே வயிறு இறுகுகிறது என்கிறீர்கள். சபையில் சொன்னால், "கிறிஸ்து நம்மை நேசித்ததுபோல் நிபந்தனையில்லாமல் நேசியுங்கள்" என்ற பதில்தான் வருகிறது. கடினமானவர்களிடம் எம்பதி காட்டுவது, அதாவது அவர்கள் நிலையில் நின்று புரிந்துகொள்வது, எப்படி என்று கேட்டு, கடைசி வரியில், "எனக்கு அந்த அன்பு வரவே இல்லை, நான் உண்மையிலேயே கிறிஸ்தவள்தானா?" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வி என்று நினைக்கிறேன். வராத உணர்வை எப்படி வரவழைப்பது, அது வராவிட்டால் என் விசுவாசம் பொய்யா, இன்னும் எவ்வளவு நாள் இதைத் தாங்க வேண்டும் என்ற மூன்றும் அதற்குள் இருக்கின்றன.

நான் இறையியல் படித்துவிட்டு, பிறகு கவுன்சலிங் பயிற்சி எடுத்தவன். குடும்பச் சண்டைகளுக்கும் சபைச் சண்டைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து கேட்பதுதான் பல வருடங்களாக என் வேலை. மனநல மருத்துவன் இல்லை. உங்கள் அண்ணியை நான் பார்த்ததும் இல்லை, ஒரு தரப்பை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அதனால் அவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றியும் வேதத்தைப் பற்றியும் சொல்வதில் எனக்கு இன்னும் கொஞ்சம் உறுதி உண்டு.

உணர்விலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் உங்களை அதிகம் வாட்டுவது அதுதான். சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று சொன்ன இயேசு, லூக்கா 6-ஆம் அதிகாரத்தில் அதோடு நிறுத்தவில்லை. பகைக்கிறவர்களுக்கு நன்மை செய்யுங்கள், சபிக்கிறவர்களை ஆசீர்வதியுங்கள், நிந்திக்கிறவர்களுக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று அடுத்த மூச்சிலேயே சொல்கிறார். மூன்றுமே கையாலும் வாயாலும் செய்கிற காரியங்கள். அவர்களைப் பார்த்ததும் மனம் குளிர வேண்டும் என்று அங்கே கட்டளை இல்லை. ஒன்று கொரிந்தியர் 13-ஐ எடுத்துப் பாருங்கள். நீடிய சாந்தம், பொறாமை இல்லாமை, தீங்கு நினையாமை என்று வரும் அந்த வரிசையில் அன்பு எப்படி நடந்துகொள்ளும் என்றுதான் இருக்கிறது. அது எப்படி உணரும் என்று பவுல் அதிகம் பேசவில்லை. குரல் கேட்டதும் வயிறு இறுகுவது உங்கள் உடம்பு பழைய அடிகளை நினைவில் வைத்திருப்பதன் அடையாளம். அதைப் பாவம் என்று எழுதிவைக்க எனக்கு எந்த ஆதாரமும் தெரியவில்லை.

சலிப்பு வருவதே அன்பில்லாததன் அறிகுறி என்று யாராவது சொன்னால் மாற்கு 9:19-ஐக் காட்டுங்கள். பிசாசு பிடித்த பையனைச் சீஷர்களால் குணமாக்க முடியாமல் போய், வேதபாரகர் தர்க்கம் பண்ண, கூட்டம் கூடி நிற்கிறது. அப்போது இயேசு, "எதுவரைக்கும் நான் உங்களோடு இருப்பேன்? எதுவரைக்கும் உங்களிடத்தில் பொறுமையாயிருப்பேன்?" என்கிறார். பிரசங்கங்களில் இந்த வசனத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள், ஏனோ தெரியவில்லை. சலிப்பு அங்கே மறைக்கப்படவே இல்லை. ஆனால் அதே வசனத்தின் கடைசி வாக்கியம், "அவனை என்னிடத்தில் கொண்டுவாருங்கள்." அதற்கப்புறம் பையனின் தகப்பனிடம், "இது எவ்வளவு காலமாய் இருக்கிறது?" என்று நிதானமாக விசாரிக்கிறார். சலிப்பும் பரிவும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஆகவே உங்கள் கடைசி வரிக்கு என் பதில்: எரிச்சல் வருகிறது என்பதை வைத்து உங்கள் விசுவாசத்தைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அந்த எரிச்சலைக் கையில் எடுத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

மன்னிப்பைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர்களும் இதற்கு ஒத்துப்போகிற ஒன்றைச் சொல்கிறார்கள். எவரெட் வொர்திங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்தவர், மன்னிப்பைப் பற்றியே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். 1996 புத்தாண்டு சமயத்தில் வீட்டுக்குள் புகுந்த ஒருவனால் அவருடைய தாயார் கொல்லப்பட்டார். ஆராய்ச்சியாக இருந்தது திடீரென்று சொந்தப் பாடாகிவிட்டது. அவர் மன்னிப்பை இரண்டாகப் பிரிக்கிறார். பழிவாங்க மாட்டேன், மனுஷனாக மதித்து நடத்துவேன் என்று எடுக்கும் தீர்மானம் ஒன்று. உள்ளே இருக்கும் கசப்பு கரைந்து அந்த இடத்தில் வேறு உணர்வு வருவது இன்னொன்று. தீர்மானத்தை ஒரே நாளில் எடுத்துவிடலாம். உணர்வு தன் வேகத்தில்தான் வரும், சில சமயம் பாதியில் நின்றும் போகும். நீங்கள் பரிசு வாங்கிக் கொடுத்தபோது தீர்மானத்தை எடுத்துவிட்டீர்கள். உணர்வு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

சரி, "நிபந்தனையில்லாமல்" என்பதற்கு வருவோம். சபையில் நாம் இப்போது பழகும் இந்தப் பேச்சில் கவுன்சலிங் துறையின் சாயலும் கொஞ்சம் கலந்திருக்கிறது. கார்ல் ரோஜர்ஸ் என்பவர் 1957-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒருவர் மாறுவதற்கு ஆலோசகரிடம் இருக்க வேண்டியவற்றில் முக்கியமாக மூன்றை வைத்தார்: எதிரில் இருப்பவரை நிபந்தனையில்லாமல் மதித்து ஏற்பது, அவர் உலகத்தை அவர் கண்ணால் பார்ப்பது, தான் போலியில்லாமல் இருப்பது. ரோஜர்ஸ் இளமையில் நியூயார்க்கில் இறையியல் கல்லூரியில் படித்துவிட்டு உளவியலுக்கு மாறியவர் என்பது ஒரு சுவையான பின்னணி. ஆனால் மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். பிறர் உலகத்தை நம்முடையது போலவே உணர வேண்டும், அந்த "போல" என்பதைத் தொலைத்துவிடக் கூடாது என்று அவர் வலியுறுத்தினார். எதிரில் இருப்பவரின் கோபத்தில் நீங்களும் மூழ்கிவிட்டால் அது எம்பதி இல்லை. அப்புறம், அவர் கற்பித்த ஆலோசனை முறையில் எல்லைகள் இருந்தன. குறித்த நேரம்தான் சந்திப்பு, எந்த உணர்வையும் வெளியே கொட்டலாம், ஆனால் ஆலோசகரை அடிக்கக் கூடாது. ஏற்றுக்கொள்வதில் நிபந்தனை இல்லாத இடத்திலும் நடத்தைக்கு எல்லை இருந்தது.

இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் அண்ணிக்கு நல்லது நடக்க வேண்டும் என்று விரும்புவதற்கு எந்த நிபந்தனையும் வைக்காதீர்கள். அவர் மன்னிப்புக் கேட்டால்தான், திருந்தினால்தான், நன்றி சொன்னால்தான் என்று எதுவும் வேண்டாம். ஆனால் அவர் உங்கள் வாழ்க்கைக்குள் எவ்வளவு தூரம் வரலாம், எதை அவரிடம் நம்பிச் சொல்லலாம், எத்தனை மணி நேரம் அவரோடு உட்காரலாம் என்பதற்கு நிபந்தனை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். யோவான் 2-இன் கடைசியில், பலர் இயேசுவின் நாமத்தில் விசுவாசம் வைத்தபோதும், எல்லாரையும் அறிந்திருந்தபடியால் அவர் அவர்களை நம்பி இணங்கவில்லை என்று இருக்கிறது. அவர்களுக்காகவும்தான் உயிரைக் கொடுக்கப் போகிறார். ஆனாலும் நம்பிக்கையை எல்லாரிடமும் கொடுத்துவிடவில்லை.

இனி எம்பதி. இதை ஒரு உணர்ச்சியாக நினைப்பதால்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். நடைமுறையில் இது விசாரித்து அறிகிற ஒரு வேலை. நீங்கள் எழுதிய ஒரு சம்பவத்தையே எடுத்துக்கொள்கிறேன். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணி, "உனக்கென்னம்மா, வேலை வேலைன்னு ஓடிடுற. பிள்ளைங்கதான் பாவம்" என்கிறார். நீங்கள் சிரித்துவிட்டு இறங்கிப்போய், இரவெல்லாம் தூங்காமல் இருந்திருக்கிறீர்கள். "முதல்ல உங்க பிள்ளைங்களைப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்திருந்தால் அந்த நிமிடம் இனித்திருக்கும், அப்புறம் ஒரு வருடத்துக்குப் பேச்சு அறுந்திருக்கும். புத்தகத்தில் படித்தபடி, "நீங்க என் பிள்ளைங்க மேல அக்கறையா இருக்கிறது புரியுது அண்ணி" என்று மெல்லிய குரலில் சொல்லியிருந்தால், நான் அங்கே இருந்திருந்தால் எனக்கே கிண்டலாகத்தான் கேட்டிருக்கும்.

வேறொன்று செய்து பார்க்கலாம். அந்தப் பேச்சில் உங்களைப் பற்றியது எவ்வளவு, அவரைப் பற்றியது எவ்வளவு என்று அன்று இரவு, சூடு தணிந்தபின் யோசியுங்கள். "உனக்கென்ன" என்று தொடங்குகிற குத்தல்களில் பெரும்பாலும் சொல்பவரின் வாழ்க்கைதான் கசிகிறது. ஒருவேளை அவர் பிள்ளைகளுக்காக வேலையை விட்டவராக இருக்கலாம். அவர் செய்யும் வீட்டுவேலையை இதுவரை யாரும் ஒரு வேலையாகவே எண்ணாமல் இருந்திருக்கலாம். இது ஊகம் மட்டுமே, அதைச் சரிபார்க்கக் கேட்பதுதான் ஒரே வழி. குத்தல் நடந்த மேசையில் வேண்டாம். வேறொரு நாள், இரண்டு பேரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதோ, காரில் போகும்போதோ, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியில்லாத நேரமாகப் பாருங்கள். "அண்ணி, பிள்ளைங்க சின்னதா இருந்தப்போ நீங்க எப்படிச் சமாளிச்சீங்க? உதவிக்கு யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் கதையைச் சொல்லாதீர்கள். "எனக்கும் அப்படித்தான்" என்ற வாக்கியம் அனுதாபம் போலத் தெரியும், ஆனால் பேச்சை உங்கள் பக்கம் இழுத்துவிடும். அவர் சொல்லி நிறுத்தினால், அவர் சொன்னதில் கடைசியாக வந்த விஷயத்தைப் பற்றி இன்னொரு கேள்வி கேளுங்கள். உங்கள் ஊகம் தப்பு என்று தெரிந்தால் சத்தமில்லாமல் கைவிட்டுவிடுங்கள். ஊகத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவரைப் பரிதாபமாகப் பார்ப்பதும் ஒருவகை அவமதிப்புதான்.

ஒரு சபையில் ஒரு மூத்தவர் வாராவாரம் பாடகர் குழுவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். வார்த்தை புரியவில்லை, உச்சரிப்பு சரியில்லை, இளையவர்களுக்குப் பயபக்தி இல்லை என்று ஒரே புகார். குழுவில் இரண்டு பேர் விலகியே போய்விட்டார்கள். கடைசியில் ஒரு பெண் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, எந்தப் பாட்டு உங்களுக்குப் புரியலை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான், பேச்சும் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பது தெரிந்தது. காது மந்தமாகிக்கொண்டிருந்தது, அதை மனைவியிடம்கூடச் சொல்ல வெட்கப்பட்டிருந்தார். காது கருவி வந்தபிறகும் குறை சொல்வது நிற்கவில்லை, பாதியாகக் குறைந்தது. அந்த மீதிப் பாதி அவர் சுபாவம்! எல்லாக் கடுமைக்கும் பின்னால் ஒரு காயம் ஒளிந்திருக்கிறது என்று நான் நம்புவதில்லை. பணிந்து போகிறவர்களிடம் அதட்டிப் பழகியவர்கள் உண்டு, மற்றவர் கூனிக் குறுகுவதைப் பார்த்து ரசிப்பவர்களும் உண்டு. ஆனால் கேட்டுப் பார்ப்பதற்கு முன்னால் யார் எந்த வகை என்று நமக்குத் தெரியாது. நாம் தாமதமாக வந்தால் நெரிசலைக் காரணம் சொல்கிறோம், மற்றவர் தாமதமாக வந்தால் அவர் குணத்தைக் காரணம் சொல்கிறோம். சமூக உளவியலில் இது நன்றாக ஆராயப்பட்ட சாய்வு. லீ ராஸ் என்பவர் 1977-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்.

கேட்பதற்கு அவகாசம் வேண்டும், இதை எவ்வளவு சொன்னாலும் தகும். 1973-இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும், சிலருக்குக் கொடுத்த தலைப்பு நல்ல சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவனைப் பற்றி இயேசு சொன்ன உவமை. வழியில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார், அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நேரம் தாராளமாக இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது உதவினார்கள். மிகவும் தாமதமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம்தான் உதவினார்கள். ஆட்கள் குறைவு, அதனால் சதவீதத்தை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் என் அனுபவத்தோடு இது அச்சாகப் பொருந்துகிறது. நல்ல மனம் உள்ளவர்களும் அவசரத்தில் கரடுமுரடாகிவிடுகிறார்கள். அண்ணி வரும் நாளில் உங்கள் வேலைகளை நெருக்கி வைக்காதீர்கள். முந்தின இரவு தூங்குங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று படுத்தபோது தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும், இடையில் தூக்கமும். பேச்செல்லாம் அப்புறம்தான்.

கேட்கக் கேட்க நாமே களைத்துப்போவோமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான பயம். டானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் செய்த ஆய்வுகளில் (2014-இல் வெளிவந்தது) ஒரு வித்தியாசம் தெரிந்தது. துன்பப்படுகிறவர்களின் காணொளிகளைப் பார்த்து அந்த வலியைத் தன் வலியாக உணரப் பயிற்சி எடுத்தவர்களுக்கு வேதனை உணர்வு கூடியது. அதன்பின் அதே ஆட்களுக்கு, எதிரில் இருப்பவர் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்பும் பயிற்சியைக் கொடுத்தபோது அந்த வேதனை இறங்கி, நல்லுணர்வு திரும்பியது. அந்தப் பயிற்சி பௌத்தத் தியான மரபிலிருந்து எடுக்கப்பட்டது. ஜெபத்தைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை, நானும் அதை இழுத்து வந்து ஜெபத்துக்குச் சான்றாக வைக்கப்போவதில்லை. ஆனால் அவர் துக்கத்தைச் சுமப்பது ஒன்று, அவருக்கு நன்மை கேட்பது ஒன்று என்ற பாகுபாடு நமக்கு உதவும். பிறர் துக்கத்தை முழுவதும் சுமக்கிற வேலை ஒருவருக்குத்தான் கொடுக்கப்பட்டது. அது நீங்களும் இல்லை, நானும் இல்லை.

அதனால் ஜெபிக்கும்போது, "ஆண்டவரே, அண்ணியை மாற்றும்" என்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். பெரும்பாலும் அது ஜெப வடிவத்தில் உள்ள புகார். அவருடைய முழங்கால் வலி, பெரிய பையனின் பரீட்சை, அவர் அம்மாவின் உடல்நிலை என்று உங்களுக்குத் தெரிந்த ஒன்றை எடுத்து, அது நல்லபடியாக ஆக வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால், அவரிடம் நீங்கள் இன்னும் விசாரிக்கவே இல்லை என்று அர்த்தம். சபையில் ஜெபக்குறிப்பாக இதைக் கொடுக்க வேண்டாம். "எங்க அண்ணிக்காக ஜெபிச்சுக்கங்க, அவங்க குணம் மாறணும்" என்பது பத்துப் பேர் முன்னால் அவரைப் பற்றிப் புறங்கூறுவதே, முடிவில் ஆமென் சேர்வதால் அது வேறாகிவிடாது.

எல்லை போடுவது வேதத்துக்கு விரோதம் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். தாவீதின் கதையில் சவுல் ராஜா அவன்மேல் ஈட்டியை எறிகிறான், தாவீது விலகித் தப்பிக்கிறான். எறிந்த ஈட்டியைத் திருப்பி எறியவில்லை, அடுத்த ஈட்டிக்காக அங்கேயே உட்கார்ந்திருக்கவும் இல்லை. பிறகு இரண்டு முறை சவுல் தன் கையில் சிக்கியபோதும் தாவீது அவனைக் கொல்லவில்லை. 1 சாமுவேல் 26-இல், பாளயத்துக்குள் இறங்கி ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்து மலையுச்சிக்குப் போய், நடுவில் நிறைய இடம் விட்டு நின்றுகொண்டு கூப்பிடுகிறான். சவுல், "நான் பாவஞ்செய்தேன், என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா" என்கிறான். அழைப்பு அந்த நேரத்துக்கு உண்மையாகவே இருந்திருக்கலாம். தாவீது மரியாதையாகப் பதில் சொல்கிறான், ஈட்டியை வாங்கிக்கொண்டு போக ஒரு வாலிபன் வரட்டும் என்கிறான், தன் வழியே போகிறான். திரும்பிப் போகவில்லை. சவுல் செத்தபோது அவனுக்காகப் புலம்பல் பாடியதும் இதே தாவீதுதான். கசப்பில்லாமல் தூரத்தில் இருக்க முடியும் என்பதற்கு இந்த ஒரு அதிகாரம் போதும்.

அப்போஸ்தலர் 16-இல் பவுலும் சீலாவும் பிலிப்பியில் அடிவாங்கிச் சிறையில் கிடக்கிறார்கள். பூமியதிர்ச்சியில் கதவெல்லாம் திறந்து, கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்த சிறைச்சாலைக்காரன் தற்கொலை செய்யப்போகும்போது, "உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே" என்று பவுல் சத்தமிடுகிறார். காலைத் தொழுமரத்தில் மாட்டியவனுடைய உயிர்மேல் அவ்வளவு அக்கறை. விடிந்ததும் அதிகாரிகள் இரகசியமாக விட்டுவிடப் பார்க்கிறார்கள். நியாயம் விசாரிக்காமல் ரோமரான எங்களை வெளியரங்கமாக அடித்தார்கள், அவர்களே வந்து எங்களை அழைத்து விடட்டும் என்று அதே பவுல் பிடிவாதமாக நிற்கிறார். ஒரே இரவு, ஒரே ஆள்.

நிச்சயமில்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் இப்படியெல்லாம் நடந்தால் அண்ணி மாறுவாரா? வாக்குறுதி இல்லை. சத்துருவுக்குப் போஜனம் கொடுத்தால் அவன் தலையின்மேல் அக்கினித் தழலைக் குவிப்பாய் என்று ரோமர் 12-இல் இருப்பதை, அவன் வெட்கப்பட்டுத் திருந்துவான் என்று பலரும், தேவ நியாயத்தீர்ப்பு என்று சிலரும் விளக்குகிறார்கள். முதல் விளக்கமே எனக்கு ஒப்புக்கொள்ளக்கூடியதாகப் படுகிறது, ஆனாலும் அதைப் பலன் கணக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. அதே அதிகாரத்தில் பவுல், "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்று இரண்டு எச்சரிக்கைகளோடுதான் எழுதுகிறார். இயேசுவே ஐசுவரியவானான ஒருவனை அன்புகூர்ந்து பார்த்தார் என்று மாற்கு 10 சொல்கிறது, அவன் துக்கத்தோடே போய்விட்டான், அவர் பின்னால் ஓடவில்லை.

மன்னிப்புக் கேட்காதவரை மன்னிக்க வேண்டுமா என்பதிலும் நல்ல விசுவாசிகளே இரண்டு பக்கம் நிற்கிறார்கள். லூக்கா 17:3, சகோதரன் குற்றம் செய்தால் கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் மன்னி என்கிறது. மாற்கு 11:25, நின்று ஜெபம்பண்ணும்போதே மன்னிக்கச் சொல்கிறது, அங்கே மனஸ்தாபம் பேசப்படவில்லை. கசப்பை ஆண்டவரிடம் விட்டுவிடுவது உடனே செய்யக்கூடியது, உறவு பழையபடி சேர்வதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும் என்று நான் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். யோசேப்பு தன் சகோதரரைக் கண்டதும் மறைவாகப் போய் அழுதான். ஆனால் தன்னை வெளிப்படுத்துவதற்கு முன், இன்னொரு தம்பியையும் கைவிட்டுவிடுவார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வெளிப்படுத்தினான். இது என் வாசிப்பு, வேறு விதமாகவும் வாசிக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்குதல், பாலியல் சீண்டல், வீட்டைவிட்டு வெளியே விடாமல் வைத்தல் என்று ஏதாவது இருந்தால், மேலே சொன்ன எம்பதிப் பேச்சு எதுவும் முதல் வேலை இல்லை. பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், சட்டத்தின் உதவியைக் கேட்பதும்தான் முதல் வேலை. பவுல் இராயனுக்கு, அதாவது ரோமச் சக்கரவர்த்திக்கு, அபயமிட்டார், அது அவிசுவாசமாகவில்லை. "பொறுத்துப் போங்கள்" என்ற ஆலோசனை சபைகளில் பெரும்பாலும் பலவீனமான பக்கத்துக்கே கொடுக்கப்படுகிறது, அடிக்கிறவரிடம் போய் யாரும் அதைச் சொல்வதில்லை. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை. எழுதாமல் விட்டிருந்தால், தயவுசெய்து இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வெறும் குத்தல் பேச்சுதான் என்றால், நீங்கள் இதுவரை செய்யாத ஒன்று பாக்கி இருக்கிறது. உன் சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கையில் போய் உணர்த்து என்று மத்தேயு 18 சொல்கிறது. பரிசு கொடுத்தீர்கள், ஜெபித்தீர்கள், சபையில் சொன்னீர்கள். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. உங்கள் அண்ணனை நடுவில் தூது அனுப்பாதீர்கள், அவர் பாவம், இரண்டு பக்கமும் அடி வாங்குவார். முதலில் அந்த விசாரிக்கும் பேச்சு ஒன்றிரண்டு தடவை நடக்கட்டும். பிறகு ஒரு நாள், தனியாக, நின்றுகொண்டே சொல்லிவிடக்கூடிய அளவுக்குச் சுருக்கமாக: "அண்ணி, எல்லார் முன்னாடியும் என் பிள்ளைங்களைப் பத்திச் சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சுது. ஏதாவது தப்பாத் தெரிஞ்சா என்கிட்ட தனியாச் சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன். எல்லார் நடுவுலயும் வேண்டாம்." பழைய கணக்கு எதையும் எடுக்காதீர்கள், "எப்பவும் நீங்க இப்படித்தான்" என்ற வாக்கியம் வந்தால் எல்லாம் கெட்டுப்போகும். அவர் கோபப்படலாம், அழலாம், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிக்கலாம். பதிலுக்கு வாதாட வேண்டாம். "சரி அண்ணி, எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும்னு தோணுச்சு" என்று முடித்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் குத்தினால், "அண்ணி, இதைத் தனியாப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வேறு அறைக்குப் போங்கள், கதவைச் சாத்தாமல். திரும்பி வரும்போது அவருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வர முடிந்தால் எடுத்து வாருங்கள். முடியாத நாளில் சும்மா திரும்பி வந்து உட்காருங்கள், அதுவும் போதும்.